ஜமாஅத் பதிவேடுகளுக்குக் காவல் யார்?

காட்டுப்பாக்கத்தில் மவுண்ட் – பூந்தமல்லி சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கேமரா. பள்ளிவாசல் வாயிலிலும் கேமரா உண்டு. உண்டியலுக்குப் பூட்டு, அலுவலக அறைக்குப் பூட்டு, உள்ளே இருக்கும் பீரோவுக்கு இன்னொரு பூட்டு. ஆனால் அந்தப் பீரோவில் இருந்த பதிவேடுகள் கடந்த சில ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கணினிக்கு இடம் மாறிவிட்டன. அந்தக் கணினிக்கு என்ன பூட்டு?

இந்தக் கேள்வியை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றிய அரசின் 'உமீத்' தளம் 2025 ஜூன் 6-ல் தொடங்கப்பட்டு, வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டபோது, முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்தார்கள். அதற்கு முன்பே நிக்காஹ் தஃப்தர், மக்தப் மதரஸா பிள்ளைகளின் பட்டியல், கல்வி உதவி விண்ணப்பம், ஆதார் நகல், பைத்துல்மாலில் உதவி பெறுவோரின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாக கோப்புகளாகிவிட்டன. பல இடங்களில் இவை மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வரில் இருக்கின்றன. ஆரம்பத்தில் அதை அமைத்துக் கொடுத்த தம்பி துபைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். அதன் பிறகு அதைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை.

பணம் களவு போனால் மறுபடி திரட்டிவிடலாம். பைத்துல்மால் பட்டியல் வெளியே போனால் எதைத் திரட்டுவது? யாருக்கும் தெரியக்கூடாது என்று இஷாவுக்குப் பிறகு வந்து வாடகைப் பணம் வாங்கிச் சென்ற தாயின் பெயர் அதில் இருக்கிறது. கணவரிடமிருந்து பிரிந்து வந்த பெண்ணின் புதிய முகவரி இருக்கிறது. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை இவை. அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

நம்மை யார் தாக்கப் போகிறார்கள்?

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் முதல் பதில் இதுதான். "நம்மிடம் என்ன இருக்கிறது? வங்கியா நடத்துகிறோம்?"

தெரிந்தவர்களின் கல்வி உதவி விண்ணப்பத்துக்காக ஒரு சிறிய சர்வரை அமைக்க நாம் உதவியபோது இதற்கான விடை கிடைத்தது. அதன் முகவரியை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இணையதளமும் இன்னும் திறக்கவில்லை. மறுநாள் காலை அதன் பதிவுக் கோப்பைத் திறந்தால், யார் யாரோ கதவைத் தட்டிய வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்', 'உபுண்டு' என்று ஒவ்வொரு பெயராகப் போட்டு, ஒவ்வொரு கடவுச்சொல்லாக முயன்றிருந்தார்கள். 'யார்' என்று சொல்வதும் தவறு. அவை எல்லாம் இயந்திரங்கள். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பதுதான் அவற்றின் வேலை. உள்ளே இருப்பது வங்கியா, மதரஸாவா என்று அவை பார்ப்பதில்லை. கதவு திறக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றன.

அந்த இயந்திரங்களும் ஏதோ ரகசிய நிலவறையில் இருப்பவை அல்ல. 2016-ல் 'மிராய்' என்ற தீய நிரல், கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் கைப்பற்றி உலகையே அதிர வைத்தது. அது பயன்படுத்தியது தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுக்கப்படும் அறுபது சொச்சம் கடவுச்சொற்களைத்தான். அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் 'டின்' நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலால் அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. கடவுச்சொல்லை மாற்றாமல் நம் தெருவில் மாட்டியிருக்கும் ஒரு கேமராவும் இன்று இன்னொரு ஊரின் சர்வரைத் தட்டிக்கொண்டிருக்கலாம்.

அரசியல் சூடேறும் நாட்களில் இந்தத் தட்டல் இடியாக மாறுகிறது. 2022 ஜூனில், நபி (ஸல்) அவர்களைப் பற்றிய அவதூறுப் பேச்சை அடுத்து, மலேசியாவைச் சேர்ந்த 'டிராகன்ஃபோர்ஸ்' என்ற ஹேக்கர் கூட்டம் இந்திய இணையதளங்களைத் தாக்க அழைப்பு விடுத்தது. 70-க்கும் மேற்பட்ட தளங்கள் சிதைக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அவற்றில் பள்ளி, கல்வி நிறுவனங்களின் தளங்களும் இருந்தன. அவதூறு பேசியவருக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் என்ன சம்பந்தம்? நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அப்பாவிகளின் கதவை உடைப்பதை நாம் ஏற்க முடியாது. 2025 மே மாதம் இந்திய – பாகிஸ்தான் மோதல் நடந்தபோது 15 லட்சம் இணையத் தாக்குதல்கள் நடந்ததாகவும், அவற்றில் சுமார் 150 வெற்றி பெற்றதாகவும் மகாராஷ்டிர சைபர் பிரிவு தெரிவித்தது. பூட்டு இருந்த இடங்கள் தப்பின, இல்லாத இடங்கள் விழுந்தன என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சர்வர் கம்பெனி பார்த்துக்கொள்ளாதா?

இது இரண்டாவது பதில். காட்டுப்பாக்கத்திலிருந்து சிறிது நேரப் பயணத்தில் அம்பத்தூர் இருக்கிறது. அங்கே ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 2023-ல் ஒரு பெரிய தரவு மைய வளாகத்தைத் திறந்தது. இத்தகைய மையங்களில் மின்சாரம், குளிரூட்டல், வாயிற்காவல் என எல்லாம் பலமாக இருக்கும். ஆனால் நாம் மாத வாடகைக்கு எடுக்கும் சர்வர், அடுக்குமாடிக் குடியிருப்பில் எடுத்த வாடகை வீடு போன்றது. கட்டடத்தின் பெரிய கேட்டுக்குக் காவலாளி உண்டு. நம் வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டியவர் நாம்தான். சாவி நம் கையில் இருக்கிறது.

இங்கேதான் திறந்த மூல மென்பொருள்கள் உதவிக்கு வருகின்றன. இவற்றின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். சர்வர் காவலில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருவது 2004-ல் வெளியான 'ஃபெயில்2பேன்'. இதன் வேலை எளிமையானது. பதிவுக் கோப்பைத் தொடர்ந்து வாசிக்கும். ஒரே முகவரியிலிருந்து 10 நிமிடங்களுக்குள் 5 முறை தவறான கடவுச்சொல் வந்தால், அந்த முகவரிக்கு 10 நிமிடம் கதவை அடைத்துவிடும். இந்த எண்களை நாம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்த இயந்திரம் ஐந்தாவது தட்டலோடு வெளியே நிற்கும்.

இதில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாக அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. காட்டுப்பாக்கத்தில் பிடிபட்டவன் அடுத்த நிமிடம் ஆவடியில் தட்டுவான். அங்கே அவன் புது ஆள்.

பக்கத்து வீட்டார் சொல்லும் எச்சரிக்கை

தெருவில் புதிதாக ஒருவன் வீடு வீடாகப் பூட்டை ஆட்டிப் பார்க்கிறான் என்றால், பார்த்தவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக்குச் சொல்வார், மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அவன் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அங்கே கதவுகள் பூட்டப்பட்டிருக்கும். பிரான்ஸ் நாட்டில் உருவான 'க்ரவுட்செக்' என்ற மென்பொருள் 2020 முதல் இதைத்தான் சர்வர்களுக்குச் செய்கிறது.

அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, பதிவுக் கோப்பைப் படித்து 'இது கடவுச்சொல் தாக்குதல்', 'இது ஓட்டை தேடும் ஆய்வு' என்று அடையாளம் காணும் பகுதி. மற்றொன்று, வாசலில் நின்று தடுக்கும் பகுதி. இதற்கு 'பவுன்சர்' என்று பெயர். பிடிபட்ட முகவரி, எந்த வகைத் தாக்குதல், எந்த நேரம் என்ற தகவல் பொது மையத்துக்குப் போகிறது. உலகெங்கும் உள்ள பயனர்கள் அனுப்பும் புகார்களைச் சேர்த்துப் பார்த்து, உறுதியானவற்றை மட்டும் ஒரு தடைப் பட்டியலாக்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்புகிறார்கள். எங்கோ ஒரு சர்வர் பட்ட அடி, நம் பைத்துல்மால் பட்டியலுக்குக் காவலாகிறது.

ஒருவர் பொய்யாகப் புகார் கொடுத்தால்? நல்ல கேள்வி. எவர் சொன்னதையும் உடனே ஏற்பதில்லை. நீண்ட நாள் சரியான தகவல் தந்தவரின் சொல்லுக்கே கூடுதல் மதிப்பு. பல இடங்களிலிருந்து ஒரே புகார் வர வேண்டும். சாட்சிகளை விசாரித்து ஏற்கும் முறை நமக்குப் புதிதல்ல.

இலவசம் என்றால் விலை என்ன?

இலவசமாகக் கிடைக்கும் எதையும் சந்தேகத்தோடு பார்க்க நமக்குக் காரணம் இருக்கிறது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி, பயனர்கள் இருக்கும் இடத்தின் தகவலை 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்குத் தந்ததையும், அந்த நிறுவனத்தின் தகவல்கள் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை சென்றதையும் 2020 நவம்பரில் ஒரு பத்திரிகை வெளிக்கொண்டு வந்தது. அதன் பிறகு அந்தப் பகிர்வை நிறுத்துவதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. அந்தத் தரவை எடுக்க யாரும் கதவை உடைக்கவில்லை. நாமே திறந்து கொடுத்திருந்தோம்.

ஆகவே க்ரவுட்செக்கிடமும் கேட்க வேண்டியது, 'எங்களிடமிருந்து என்ன எடுக்கிறாய்?' என்பதுதான். வெளியே போவது தாக்கியவரின் முகவரியும் தாக்குதலின் வகையும். நம் பதிவுக் கோப்புகளோ, தளத்துக்கு வரும் சாதாரண மக்களின் விவரமோ, உள்ளே இருக்கும் ஆவணங்களோ போவதில்லை. இதை அவர்கள் வார்த்தையை நம்பித்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. சர்வரில் ஓடும் நிரல் திறந்திருக்கிறது, தெரிந்தவர் படித்துப் பார்க்கலாம். பகிர்வு வேண்டாம் என்றால் நிறுத்தியும் வைக்கலாம். அதே நேரம், இது ஒரு வணிக நிறுவனம். விரிவான பட்டியல்களைப் பணத்துக்கு விற்கிறது. இலவசப் பயனருக்குக் கிடைப்பது அதன் ஒரு பகுதி என்பதையும் தெரிந்தே பயன்படுத்த வேண்டும்.

திறந்த மூலம் என்றால் தானாகவே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. 2024 மார்ச் 29-ல் 'எக்ஸ்.ஸெட்' என்ற சிறிய மென்பொருளில் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நல்ல தொண்டராக நடித்து நம்பிக்கை பெற்று, பிறகு அதை நுழைத்திருந்தார். அதுவரை அந்த மென்பொருளைச் சம்பளமின்றி ஒற்றை ஆளாகச் சுமந்தவர் களைத்துப் போயிருந்த நேரம் அது. ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் திறந்த மூலச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். நிரல் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. பொதுப்பணியை ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே பாடம்.

ஒருவன் தவறுக்குத் தெருவையே அடைப்பதா?

தடைப் பட்டியல்களில் நாம் அதிகம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மொபைல் இணையத்தில் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வது நம் நாட்டில் சாதாரணம். அந்த முகவரியில் ஒருவருடைய பழைய போனில் தீய நிரல் புகுந்திருந்தால், தடை விழுவது எல்லோர் மீதும். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒரு மாணவிக்கு 'அனுமதி இல்லை' என்று வந்தால், அவள் செய்த குற்றம் என்ன? ஒருவன் செய்ததற்கு ஒரு தெருவையே தண்டிப்பதன் வலி என்ன என்று நம் சமுதாயத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதனால்தான் இந்தத் தடைகள் தற்காலிகமானவை. க்ரவுட்செக்கில் வழக்கமான தடை நான்கு மணி நேரம். முழுதாகத் தடுப்பதற்குப் பதில் 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்கும் சோதனையை மட்டும் வைக்கவும் வழி உண்டு. எதையும் தடுக்காமல் சில நாள் கவனிக்க மட்டும் செய்யும் முறையும் உண்டு. முதலில் அப்படி ஓடவிட்டு, நம் மக்கள் யாராவது தவறாக மாட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு தடையை இயக்குவதே நியாயம். 'அந்த நாட்டையே தடுத்துவிடுவோம்' என்று கிளம்புவதால் பெரிய பயன் இல்லை. தாக்குபவன் எந்த நாட்டின் இயந்திரத்தையும் கடன் வாங்குவான்.

இது தடுக்காதவை

வாசலில் காவலாளி இருந்தாலும் சாவியை ஜன்னலில் வைத்தால் பயனில்லை. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தன. 3.1 கோடிப் பேரின் தரவு தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் கூறினார். 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டன. நோயாளிகளைக் காகிதத்தில் பதியும் நிலை பல நாட்கள் நீடித்தது. வலையமைப்பு முறையாகப் பிரித்து வைக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' தாக்குதலுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டார்கள்.

நம் அளவில் பார்த்தால், விலகிப்போன நிர்வாகியின் கணக்கு இன்னும் உயிரோடு இருப்பது, ஒரே கடவுச்சொல்லைக் கமிட்டியில் எல்லோரும் வைத்திருப்பது, பைத்துல்மால் பட்டியலை எக்செல் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இவற்றை எந்த மென்பொருளும் தடுக்காது.

சட்டமும் வாசலுக்கு வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். சொந்த வீட்டுத் தேவைக்கு அல்லாமல் அடுத்தவர் விவரத்தை டிஜிட்டலாக வைத்திருக்கும் எவரையும் தொடும் வகையில் அது எழுதப்பட்டிருக்கிறது. நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு சிறு ஜமாஅத்துக்கு அவ்வளவு விதிக்கப்படும் என்று பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. 'எங்களுக்குத் தெரியாது' என்று இனி சொல்ல முடியாது என்பதே செய்தி.

ஆள் நம் தெருவிலேயே இருக்கிறார்

மென்பொருளுக்குக் காசில்லை. பெரிய இயந்திரமும் தேவையில்லை. அப்படியானால் தடையாக இருப்பது எது? பொறுப்பாளர் இல்லை, அவ்வளவுதான்.

போரூர், மணப்பாக்கம் ஐ.டி. வளாகங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் காட்டுப்பாக்கத்திலும் ஐயப்பன்தாங்கலிலும் குடியிருக்கிறார்கள். பகலில் அயல்நாட்டு வங்கியின் சர்வருக்குக் காவல் இருப்பவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நம் பக்கத்து வரிசையில் அமர்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. தமிழிலேயே கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு 2012 முதல் இயங்கிவரும் 'கணியம்' போன்ற கட்டற்ற மென்பொருள் முயற்சிகள் இருக்கின்றன.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் சில முடிவுகளை எடுக்கலாம். சர்வருக்குப் பொறுப்பாக இருவரை நியமித்து மினிட்ஸில் எழுதுங்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இருக்க வேண்டும். பழையவர்களின் கணக்குகளை மூடுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் டிஜிட்டல் சாவி மூலம் மட்டும் நுழையும்படி மாற்றுங்கள். ஃபெயில்2பேன் அல்லது க்ரவுட்செக், ஏதாவது ஒன்றை நிறுவுங்கள். மாதம் ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். ஒரு நகலை இணையத்தோடு சேராத டிஸ்க்கில் எடுத்துப் பீரோவில் பூட்டுங்கள். தேவை முடிந்த ஆதார் நகல்களை அழித்துவிடுங்கள். இல்லாத பொருளை எவரும் திருட முடியாது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. வாசலில் மாட்டிய கேமராவுக்கும் வைஃபை ரூட்டருக்கும் கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். நம் வீட்டுக் கேமரா அடுத்தவர் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வதும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமைதான்.

இஷாவுக்குப் பிறகு வந்துபோகும் அந்தத் தாய்க்கு சர்வர் என்றால் என்னவென்று தெரியாது. தன் பெயர் நம்மைத் தாண்டி வெளியே போகாது என்று மட்டும் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.